தேவபயம் பழைய ஏற்பாட்டோடு முடிந்ததா?

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பதால் புதிய ஏற்பாட்டு விசுவாசிக்குத் தேவபயமே தேவையில்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சகோதரரே, அது சரியல்ல. அந்த வசனம் 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: பேச்சு நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. தள்ளப்படுவது தண்டனையை எண்ணி நடுங்கும் பயம். தேவனைக் கனப்படுத்தும் பயபக்தி அல்ல.

வேதாகமத்தைத் திறந்து அப்போஸ்தலர் 9:31 பாருங்கள். சபைகள் கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தோடும் பரிசுத்த ஆவியின் ஆறுதலோடும் பெருகின என்று இருக்கிறது. பயமும் ஆறுதலும் ஒரே வரியில்! எனக்கு மிகவும் பிரியமான வசனம் இது. 1 பேதுரு 2:17-உம் "தேவனுக்குப் பயந்திருங்கள்" என்றுதான் சொல்கிறது. இரண்டுமே புதிய ஏற்பாடு. எந்த மொழிபெயர்ப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.