ராடார்: பெயர்க் காரணம் அதுவல்ல

"அலை போய்த் திரும்பி வருவதால், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும்படி ஆங்கிலத்தில் ராடார் என்று பெயர் வைத்தார்கள்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ரசிக்கலாம், நம்ப வேண்டாம். 'ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்', அதாவது ரேடியோ அலையால் கண்டறிந்து தூரம் அளப்பது என்பதன் சுருக்கமே அது. 1940இல் அமெரிக்கக் கடற்படை சூட்டிய பெயர். பிரிட்டனில் அப்போது இதையே ஆர்.டி.எஃப். என்ற வேறு பெயரால் அழைத்தார்கள். நல்ல ஆங்கில அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைப் பாருங்கள்.

அலை திரும்பி வருவது மட்டும் சரி. பொருளில் பட்டு அலை திரும்பி வர ஒரு மில்லி விநாடி (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆனால், போக வர அது 300 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பொருள் இருப்பது 150 கிலோமீட்டரில். பாதியாக்க மறந்தால் விமானம் இருமடங்கு தொலைவில் தெரியும்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.