சோதிக்க முடியாத ஆடியைத் தேய்க்காதீர்கள்

சொந்தமாக ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்யப்போகிறேன், ஒளியைக் குழாயின் பக்கவாட்டில் தருகிற நியூட்டோனியனா, ஆடியின் துளை வழியே பின்னால் தருகிற கேசக்ரெய்னா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆடி சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. எனக்கும் ஒரு காலத்தில் வரவில்லை.

150 மி.மீ. நியூட்டோனியன் ஒன்றைச் செய்து முடித்த தெம்பில் அடுத்தது கேசக்ரெய்ன் என்று இறங்கினேன். குழாய் குட்டை, பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். துளை போட்ட பெரிய ஆடி ஒழுங்காகவே வந்தது. மாட்டிக்கொண்டது உள்ளங்கையில் அடங்குகிற இரண்டாம் ஆடியில். அது குவி ஆடி, அதுவும் அதிபரவளைய வடிவம். படும் ஒளியை விரித்து விடுகிற பரப்பு அது. ஆடி திருப்பும் ஒளி குவிகிற இடத்தில் ஒரு கத்தி விளிம்பை நுழைத்து, ஆடிமேல் தெரியும் நிழலைப் பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. ஒளி குவியவே இல்லையென்றால் கத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதைச் சோதிக்க அதைவிடப் பெரிய, பிசகில்லாத கோள ஆடி ஒன்று வேண்டுமாம். அதை யார் தேய்ப்பது? நான்தான். எட்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டு மூடி வைத்தேன்.

நியூட்டோனியனின் அருமை அப்போதுதான் உறைத்தது. வளைந்த பரப்பு ஒன்றே ஒன்று, அதுவும் குழி ஆடி. குறுக்கே சாய்ந்து நிற்கும் சமதள ஆடியை வாங்கிக்கொள்ளலாம், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். 150 மி.மீ. விட்டம், எஃப் 8 (குவியத் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு) என்றால் வளைவு மையம் குவியத் தூரத்தைப் போல இரு மடங்கு, 2.4 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே ஒரு எல்இடி, ஒரு பிளேடு. 1850களின் கடைசியில் லியோன் ஃபூக்கோ தந்த சோதனைக்கு இன்றும் இவ்வளவுதான் தேவை. ஆடிமேல் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள்: விரல் சூட்டில் உப்பிய கண்ணாடி குன்று போல நிற்கும், ஆற ஆறக் கரையும். முதல்முறை பார்த்தபோது தேய்க்கிற வேலையையே மறந்துவிட்டேன்.

குவிய விகிதத்தையும், அதாவது அந்த எஃப் எண்ணையும், இதே கண்ணோடு பாருங்கள். கோளமாகத் தேய்த்த ஆடியை, ஒளி ஒரே புள்ளியில் குவிவதற்காகப் பரவளையமாக மாற்ற வேண்டும். எஃப் 8-இல் 150 மி.மீ. ஆடியின் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் 0.3 மைக்ரானுக்கும் குறைவு. கோளமாகவே விட்டாலும் சமாளித்துவிடும். அதே வித்தியாசம் 200 மி.மீ. எஃப் 5-இல் 1.5 மைக்ரானைத் தாண்டும். ஐந்து மடங்குக்கு மேல் வேலை, தவறுக்கும் அவ்வளவு இடம். போதாக்குறைக்கு, புலத்தின் ஓரத்து விண்மீன்களை வால் முளைத்தது போலக் காட்டும் கோமா என்ற பிழை வேறு. விகிதம் பாதியானால் அது நாலு மடங்காகும். "குட்டைக் குழாய் தூக்க எளிது" என்பது உண்மைதான், முதன்முதலாகச் செய்கிற ஆடிக்கு அது போதுமான காரணம் இல்லை. குழாயைத் தாங்க, எளிய தாங்கியைப் பரப்பிய ஜான் டாப்சன் வழியில் ஒரு பிளைவுட் பெட்டி போதும்.

கிரிகோரியன் என்றொரு வகை உண்டு. ஜேம்ஸ் கிரிகோரி 1663-இல் வெளியிட்டது, நியூட்டன் 1668-இல் தன்னுடையதைச் செய்வதற்கும் முன்னால். அதன் இரண்டாம் ஆடியும் குழி ஆடிதான், சோதிக்கலாம். ஆனால் குழாய் நீண்டுபோகும், பார்வைப் புலமும் குறுகல். ஆன்டன் குட்டரின் சாய்ந்த ஆடி அமைப்பில் குறுக்கே எதுவும் மறைக்காது, கிரகங்கள் துல்லியமாகத் தெரியும்; ஆடிகளை ஒழுங்கில் நிறுத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

சோதனை, சோதனை என்று மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் 2.4 மீட்டர் ஆடி அபாரமாகப் பாலிஷ் செய்யப்பட்டது. சோதனைக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தப்பியிருந்ததால் விளிம்பு சுமார் 2 மைக்ரான் அதிகம் தட்டையாகிவிட்டது. விண்ணுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கேசக்ரெய்ன் செய்தே தீருவேன் என்பவர்கள் டால்-கிர்க்காம் வகையைப் பாருங்கள். அதில் குவி ஆடி வெறும் கோளம். அதற்கு இணையான குழிப் பரப்பின் மேல் வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒளி உண்டாக்கும் குறுக்கீட்டு வரிகளைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம். பெரிய ஆடி நீள்வட்ட வடிவம், ஃபூக்கோ சோதனைக்கு அடங்கும். புலத்தின் ஓரத்தில் கோமா மோசமாக இருக்கும். நடுவில் வைத்து வியாழனைப் பார்க்கிறவருக்கு அது பொருட்டில்லை. என் மேசையில் இப்போது தேய்ந்துகொண்டிருப்பதும் அதுதான்.