மூன்று மரப்பலகைகளும் ஒரு வெண்கலச் சிலையும்

அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கே பசிபிக்குக்குச் செல்லும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845இல் எரெபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் ஆர்க்டிக் பனிக்குள் சென்ற சர் ஜான் பிராங்க்ளினின் பயணத்தில் 129 பேர் மாண்டனர், ஒருவரும் மீளவில்லை. அவர்களுக்காக 1866இல் லண்டன் வாட்டர்லூ பிளேசில் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் உச்சியில் வெண்கலத்தில் நிற்பவர் பிராங்க்ளின். மாலுமிகளுக்கும் மரீன் படைவீரர்களுக்கும் கீழே பெயர்ப் பட்டியலில் ஆளுக்கோர் இடம் உண்டு, அவ்வளவுதான். பீடத்தின் புடைப்புச் சிற்பம் பிராங்க்ளினின் நல்லடக்கத்தைக் காட்டுகிறது. அவருடைய கல்லறையோ இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால், உண்மையான நினைவுச்சின்னம் கனடாவின் பீச்சித் தீவில் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் இறந்த ஜான் டாரிங்டன், ஜான் ஹார்ட்னல், மரீன் படைவீரர் வில்லியம் பிரெய்ன் ஆகிய மூவரும் அங்கேதான் கிடக்கிறார்கள். டாரிங்டன் கொதிகலனுக்குக் கரி தள்ளிய இருபது வயது இளைஞர். 1846 சனவரி முதல் நாள் அவர் இறந்தபோது, சூரியனே எழாத துருவ இருளில், கல்லாக உறைந்த தரையை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். சவப்பெட்டிக்கு நீலத்துணி போர்த்தி, பெயரையும் வயதையும் கையால் எழுதிய தகடு ஒன்றையும் அதன்மேல் அடித்திருக்கிறார்கள். சாதாரண ஊழியர் ஒருவருக்குச் சக ஊழியர்கள் செய்த மரியாதை அது.

1980களில் அக்கல்லறைகளைத் திறந்தபோது ஹார்ட்னலின் உடலிலிருந்த சட்டையில் 'டி.எச்.' என்ற எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. அதே கப்பலில் இருந்த தம்பி தாமஸின் சட்டை அது என்றே கருதுகிறார்கள். பிரெய்னின் கல்லறைத் தலைமாட்டில் நட்ட மரப்பலகையில், யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றே தேர்ந்துகொள்ளுங்கள் என்னும் யோசுவா நூலின் வசனம் இருந்தது. அதைக் கொண்டு கப்பலில் கலகம் நடந்தது என்று கதை கட்டியவர்களும் உண்டு. விவிலிய வசனம் பொறித்த கல்லறைகளிலெல்லாம் கலகத்தைத் தேடினால் இங்கிலாந்தின் தேவாலய முற்றங்கள் தாங்காது.

ஆனாலும் அந்த லண்டன் பட்டியலை என்னால் முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை. அண்ணனுக்குச் சட்டை அணிவித்து அனுப்பிய தாமஸ் பிறகு எந்தப் பனிவெளியில் விழுந்தார் என்று தெரியாது. அவருக்குப் பலகை செதுக்க யாரும் மிஞ்சவில்லை.