வெயிலையும் பங்கிட வேண்டிய நிலை ஏன் வந்தது?

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைந்திருந்தது. பகுதிக்கு ஓர் ஆங்கில எழுத்தென்று பிரித்து அட்டவணை போட்டார்கள். தங்கள் எழுத்துக்கு எப்போது கரண்ட் வரும் என்று பார்த்துத்தான் வீடுகளில் தண்ணீர் இறைத்தார்கள், மா அரைத்தார்கள்.

பங்கீடு என்றாலே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆண்டு யூலையில் தொடங்கிய, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்ததால்தான் நாட்கணக்கில் நீண்ட பெற்றோல் வரிசைகள் குறைந்தன. மின்வெட்டோ அப்படிச் சமமாக விழவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் விளக்கு எரிந்தது. தையல் மெசினை நம்பியிருந்த பெண்ணின் அன்றைய கூலி போயிற்று.

அதன் பிறகு கூரைகளில் சோலார் பனல்கள் பெருகின. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை பனல்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கூரை சோலார் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும் நாளில் தேவை விழுந்துவிடும், வெயில் மின்சாரம் மட்டும் குவியும், நாடெங்கும் மின்சாரம் கடத்தும் வலையமைப்பு தளம்பும். அந்த ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டதைப் பார்த்தவர்கள் பொறியியலாளர்களின் அச்சத்தை வீண் என்று தள்ள முடியாது.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. பகலில் வேண்டாம் என்று நிறுத்திய அதே மின்சாரத்துக்குத்தான் மாலை 6.30க்குப் பிறகு, எல்லா வீடுகளிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில், எண்ணெய் எரிக்கிறோம். பங்கீடா, மாற்று எரிசக்தியா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. சேமிக்க வழி செய்யாமல் பனல்களை மட்டும் பெருக்கினால் வெயிலையும் பங்கிட வேண்டித்தான் வரும். ஆகவே பெரிய பற்றரிகளை வலையமைப்பிலேயே அரசு நிறுவ வேண்டும். வீட்டில் பற்றரி வைத்து மாலையில் மின்சாரம் தருபவருக்குப் பகல் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சேமிப்புக்கான செலவைக் கடன்பட்டுப் பனல் போட்ட குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமல்ல.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரியன், பற்றரி ஆகியவற்றை இணைக்கும் திட்டத்துக்கு 2022 மார்ச்சிலேயே இந்தியாவுடன் உடன்பாடு கைச்சாத்தானது. சேமிப்பையும் சேர்த்தே திட்டமிட நமக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. கொழும்பின் கூரைகளுக்கும் அதே கணக்கைப் போடுங்கள்.