தந்தையர் தினம் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பா?

தந்தையர் தினத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அந்த நாளே பரிசுப் பொருள் வியாபாரிகள் கிளப்பிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவசரத் தீர்ப்பு. மனைவியை இழந்தபின் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தன் தந்தையை நினைத்து சொனோரா டாட் என்ற பெண் எடுத்த முயற்சியால்தான் 1910 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் அது கொண்டாடப்பட்டது. நிரந்தரச் சட்ட அங்கீகாரத்துக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியாபாரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது (அது எதில்தான் ஒட்டவில்லை?).

அந்தக் கட்டுரை நேபாளத்தை விட்டுவிட்டது பெரிய குறை. அங்கே ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும் குஷே அவுன்சி அமாவாசையன்று பிள்ளைகள் தந்தைக்கு இனிப்பும் உடையும் கொடுத்து ஆசி பெறுகிறார்கள். தந்தையை இழந்தவர்களோ காத்மாண்டு அருகே கோகர்ணேஸ்வரர் கோயிலுக்குப் போய், பாக்மதி ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார்கள். இருப்பவருக்கும் மறைந்தவருக்கும் ஒரே நாளில் இடம் தரும் இந்த ஏற்பாடு வாழ்த்து அட்டைக் கொண்டாட்டங்களில் கிடையாது.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளே தந்தையர் நாள். ஜெர்மனியில் இயேசுவின் விண்ணேற்ற நாளன்று ஆண்கள் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள்; இதில் தந்தையை யார் கௌரவிக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்!