தால்யானில் சேறு மட்டும்தானா?

துருக்கிக் கடற்கரைச் சுற்றுலா பற்றிய கட்டுரையில், தால்யான் படகுப் பயணத்தைச் 'சேற்றுக் குளியல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சேறு சுமார்தான், கூட்டமும் கந்தக வாடையும்தான் அதிகம். அந்தப் பயணத்தின் அழகே ஆறுதான். நாணல்களுக்கு நடுவே படகு மெதுவாகப் போக, செங்குத்துப் பாறையில் கோயில் முகப்பு போலக் குடைந்த, கவுனோஸ் என்ற பழங்கால நகரத்தின் கல்லறைகள் தெரியும். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வேலை.

ஆறு கடலில் சேருமிடம் இஸ்துசு கடற்கரை. பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் மணல். 1980களில் அங்கே ஹோட்டல் கட்டத் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதால் கைவிட்டார்கள். 1988இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. முட்டையிடும் காலத்தில் இரவு 8 மணிக்கு மேல் யாரையும் விடுவதில்லை.

அப்புறம் ஒன்று. சில படகுக்காரர்கள் ஆமையைக் காட்டுவதற்காக நண்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். பயணிகளுக்குக் கொண்டாட்டம், செல்போனை எடுத்துவிடுவார்கள். இரைக்காகப் படகைத் தேடி வரப் பழகிய ஆமைக்குத்தான் இயந்திர விசிறியில் அடிபடும் ஆபத்து. படகுக்கு முன்பதிவு செய்யும்போதே "ஆமைக்கு இரை போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் வேறு படகு பாருங்கள், துறையில் நிறைய நிற்கும்.