ஷூட்டிங் அன்னிக்குப் பால் கறக்கிறது யாரு?

பாகூர்ப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ நாலு கறவை மாடு வைத்திருக்கிற ஒருத்தர் நடிக்கிறார், சொந்தக் காசில் படமும் எடுக்கிறார் என்றால் பேட்டிக்குப் போகிறவர்கள் "எப்படிங்க இந்த ஆர்வம் வந்துச்சு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆர்வத்தில் என்ன அதிசயம்? நம்ம கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்துக்காரர்களில் பலர் திரௌபதி அம்மன் திருவிழாக் காலம் முழுக்க விடிய விடிய ஆடிவிட்டு, மற்ற மாதங்களில் கழனியில் நின்றவர்கள்தான். ஷூட்டிங் அன்றைக்குப் பால் கறப்பது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மொத்தச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

கேமராமேன் ஆசைப்படும் காலை வெளிச்சம் மாசி, பங்குனியில் ஆறே காலுக்கு மேல் ஒரு மணி நேரம். மாட்டுக்காரர் அந்த நேரத்தில் கேனோடு பால் சொசைட்டியில் நிற்பார், இல்லாவிட்டால் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். அதனால் வெளியில் எடுக்கும் காலைக் காட்சிகளை மறந்துவிட்டு, சாயங்காலக் கறவை முடிந்த பிறகு, ஐந்திலிருந்து ஆறே கால் வரை கிடைக்கும் வெளிச்சத்தை நம்பி எழுதுவது நல்லது. "ஒரு நாள்தானே, ரெண்டு மணி நேரம் தள்ளிக் கறந்துக்கலாம்" என்பவர்களுக்கு: இடைவெளி நீண்டால் பாலில் கொழுப்பு குறையும், சொசைட்டியில் கொழுப்பையும் மற்ற சத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அதைவிட மோசம், மடி கட்டிக்கொண்டு வலியில் நிற்கிற மாடு.

ஆள் போட்டுக் கறக்கலாம். ஆனால் முதல் நாளே புது ஆளை விட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியைக் கழுவித் தேய்த்துவிட்டதும் ஊறுகிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் பாலை இறக்குகிறது, அது நிற்பது ஐந்து முதல் எட்டு நிமிடம். மாடு பயந்தால் அட்ரினலின் ஏறி அதைத் தடுத்துவிடும். உள்ளே தங்கிய பால் மடிநோய்க்கு வாசல். ஆகவே பத்து நாள் முன்பே அந்த ஆள் வரவேண்டும், உரிமையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுக்கிற ஆளாக இருந்தால் முதல் நாளே நிறுத்திவிடுங்கள், காம்பு புண்ணாகும். முழுக்கையால் பிடித்துக் கறப்பவர் கிடைத்தால் அவருக்குக் கூலி கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மாட்டுக் கொட்டகைக்குள்ளேயே படம் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஜெனரேட்டர் வேண்டாம், உள்ளே மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கொட்டகை பல்பைக் கழற்றிவிட்டு, மினுக்காத எல்இடியை மூன்று நாலு நாள் முன்பே அதே இடத்தில் மாட்டி எரியவிடுங்கள். மாடும் பழகும், உங்கள் வெளிச்சமும் கையில் இருக்கும். வீட்டு மின்சாரத்தில் எரியும் சாதா விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். கேமரா ஷட்டரை நொடியில் 50-ல் ஒரு பங்கு வைத்தால் தப்பிக்கலாம். பால் பீய்ச்சுவதை நொடிக்கு 120 ஃபிரேமில் ஸ்லோமோஷன் எடுக்க ஆசையென்றால் பல்பை அணைத்துவிட்டு மாட்டை வெயிலில் கட்டுங்கள்.

ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்க்கிற பிள்ளைகள் சட்டை பட்டனைப் பார்க்கிறார்கள், மடியைப் பார்ப்பதில்லை. வைட் ஷாட்டில் மடி விம்மி நிற்கும், அரைமணி கழித்து எடுத்த க்ளோசப்பில் தொங்கிப்போன தோலாக இருக்கும். ஊர்க்காரன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். கறக்கிற காட்சிக்கு ஒரு நாளைக்கு இரண்டே டேக், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்றாவது வேண்டுமென்றால் வேறு மாட்டில் எடுங்கள், அதற்கும் நெற்றியில் இருக்கிற வெள்ளைச்சுட்டி ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

தேதியை எப்படிப் போடுவது? சினையிலிருந்து எண்ணுங்கள். பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். மார்ச்சில் ஷூட்டிங் வைக்க நினைப்பவர் முந்தின ஆடி மாதத் தொடக்கத்தில் சினை ஊசி போட்டிருந்தால் மார்ச், ஏப்ரல் அந்த மாடு வற்றில் இருக்கும், கறக்கிற வேலை இல்லை. சினைக்கு வந்த மாடு காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை, தவறினால் 21 நாள் காத்திருப்பு, அதோடு கால்ஷீட்டும் தள்ளும். இதைப் படித்துவிட்டு நாலு மாட்டையும் ஒன்றாக வற்றில் விட்டுவிடாதீர்கள், இரண்டு மாதம் வீட்டில் காசே வராது. இரண்டு வற்றில், இரண்டு கறவையில். ஐப்பசி, கார்த்திகையில் ஷூட்டிங் என்ற பேச்சே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது யாருக்கும் மறந்திருக்காது. அந்த மாதங்களில் வைக்கோல் நனையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

காகித வேலை ஒன்று இருக்கிறது. மாடு நடிக்கிற படம் தணிக்கைக்குப் போக விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். வாரியம் சென்னையில் இருந்த காலம் போய், 2018 முதல் அரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. நேரில் போய் நிற்க முடியாது. எடுப்பதற்கு முன்பே காட்சி விவரத்தையும் கால்நடை மருத்துவர் சான்றையும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். எடுத்து முடித்துவிட்டு அலைகிறவர்கள்தான் அதிகம்.

கேமரா வாங்க மாட்டை விற்கிறவர்களிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: கேமரா வாடகைக்குக் கிடைக்கும், மூணாவது ஈத்துக் கறவை கிடைக்காது.

கடைசியாகச் சத்தம். படம் பிடிக்காத ஒரு நாள், மைக்கை மட்டும் வைத்து ஒரு முழுக் கறவையையும் பதிவு செய்யுங்கள். காலி எவர்சில்வர் வாளியில் முதல் பீய்ச்சு 'சர்ர் சர்ர்' என்று கணகணக்கும், கால்வாளி ஏறியதும் நுரைக்குள் விழுந்து 'புஸ் புஸ்' என்று அடங்கும். வாளி நிறையப் பால் இருக்கிற காட்சிக்குக் காலி வாளிச் சத்தத்தை ஒட்டினால், நெட்டப்பாக்கத்துப் பெண்கள் தியேட்டரிலேயே சிரித்துவிடுவார்கள்.